மூன்றாவது முட்டுச்சுவர்

எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு புனிதையின் பெயர் உண்டு. அந்தப் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால், அவர் அடையாறு வரைக்கும் சுற்றிக் காட்டிவிட்டு, "மொதல்லயே மடத்துக் கோயில்னு சொல்றதுதானே" என்று நம்மையே கோபித்துக்கொள்வார். மயிலாப்பூரில் குளத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகும் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. கப்பலில் வந்த பறங்கித் துறவிகள் கட்டியது. துறவிகள் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மடம் என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கோயிலை மூலை முடுக்கு விடாமல் அளந்து வரைந்தவள் நான். தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் எனக்கு வேலை. பதவி டிராப்ட்ஸ்மேன். பெண்பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. காலையில் ராஜா அண்ணாமலைபுரத்துக் குடித்தனத்தில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டு, சமைத்து, பஸ்ஸில் நசுங்கிப் போய், சாயங்காலம் வரை சாய்வுப் பலகையின் முன்னால் நின்றபடி ஊரார் கட்டப்போகும் வீடுகளை வரைவேன். பிரிண்ட் எடுக்கும் அம்மோனியா வாடை புடவையில் ஏறியிருக்கும். அந்த வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான்.

கோயிலை அளந்த கதைக்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுவருக்காக நான் ஏன் அப்படி மல்லுக்கு நின்றேன் என்பது புரியாது.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இறந்தே பிறந்தது. ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தால் போதும், ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒரு கை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். அந்த ஒரு மூச்சு இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது பழைய கண்டிப்பு. அதைத் திருச்சபை எப்போதோ தளர்த்திவிட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் பங்கின் உபதேசியாருக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான். பூசைக்கு மணி அடிப்பது முதல் குழி வெட்ட இடம் காட்டுவது வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

என் கணவர்தான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அவர் அப்போது துறைமுகத்தில் குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். பிள்ளை பிறந்தால் பேசப் பழகிக்கொள்வார் என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் தையல் வலியோடு படுத்திருந்தேன்.

"கோயில்லயே வெச்சுட்டீங்களா?"

"ம்."

"எந்த இடம்?"

கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினார். "வடக்குச் சுவருக்கு வெளியே. மூணாவது முட்டுச்சுவர் இருக்கு இல்ல, அதோட அடியில. உபதேசியாருக்குத் தெரியாது. நீயும் யார்கிட்டயும் சொல்லாத."

எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் வெளியே இல்லை, கோயில் சுவரை ஒட்டித்தான் இருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போய், பெரிய சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் அந்தக் குட்டைச் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கும்போது நான் அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன். அவரும் கூட வந்து ஓர் அடி தள்ளி நிற்பார். வெயிலென்றால் குடை பிடிப்பார். நொச்சிக்குப்பத்திலிருந்து பூசைக்கு வரும் மீன்காரம்மா ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா வேண்டுதல் இது? இங்க இன்னா கீது?"

"சும்மாதான்," என்றேன்.

சும்மா என்று சொன்னால் நம் ஜனங்கள் நம்புவார்களா? அடுத்த மாதம் அங்கே மூன்று மெழுகுதிரிகள் எரிந்தன. பிறகு யாரோ ஒரு மல்லிகைச் சரத்தைக்கூட வைத்திருந்தார்கள். பிள்ளை வரம் கிடைக்கும் என்று பேச்சு கிளம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்யாமல் இருந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் கோயிலைப் பெரிதாக்கும் பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்று பூசை கண்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் வேப்பமர நிழலுக்கு அடித்துக்கொண்டார்கள். புதிதாக வந்த பங்குச் சாமியார் நல்ல மனிதர். அந்த ஜனங்களைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. வடக்குச் சுவரைத் திறந்து, அந்தப் பக்கம் நீளமாக ஒரு கூடம் சேர்த்துவிடுவது என்று பங்குப் பேரவையில் பேசினார்கள். "நம்ம பங்குப் பொண்ணே டி. நகர்ல இன்ஜினியர் ஆபீஸ்ல இருக்கே" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பழைய கட்டடத்தை அளந்து வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வடக்குச் சுவர் என்று சாமியார் சொன்ன கணத்திலேயே மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். அஸ்திவாரக் குழி வெட்டினால் அது நேரே அந்த முட்டுச்சுவரின் அடியில்தான் போகும்.

அளக்க சனிக்கிழமை மத்தியானங்கள்தான் கிடைத்தன. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என் கணவரையே கூட்டிப்போனேன்.

அந்தக் கோயிலின் வரலாறு என்று பங்கில் ஆளுக்கொன்று சொல்வார்கள். புயலில் தப்பிய கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டு கட்டினான் என்பார் ஒருவர். வலையில் மாதா சிலை சிக்கியது என்பார் இன்னொருவர். டேப்பைப் பிடித்தபின் எனக்குத் தெரிய வந்தது இவ்வளவு அழகான கதை இல்லை. முன்பாதியின் செங்கல் சின்னது, பின்பாதியின் செங்கல் பெரிது. நடுவில் கையில் காசு தீர்ந்து, பல காலம் கிடப்பில் போட்டு, வேறு யாரோ வந்து முடித்திருக்கிறார்கள். முகப்பில் இரண்டு கோபுரம் எழுப்ப அடித்தளம் போட்டுவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றதன் தளத்தில்தான் இப்போது செருப்பு விடுகிறோம். நாம் கட்டும் வீட்டைப் போலத்தான் அவர்களும் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அந்தத் துறவிகள்மேல் எனக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

ஆனால் கூரை விஷயத்தில் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. உத்தரம் கிடையாது, மரம் கிடையாது. செங்கல்லையும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் மட்டும் வைத்து, ஒரு பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தாற்போல் வளைவாகக் கூரை போட்டிருந்தார்கள். அந்தக் கனம் நேரே கீழே இறங்காது. சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும், இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வடக்குச் சுவருக்கு வெளியே நான்கு முட்டுச்சுவர்கள், அடி பருத்து மேலே சிறுத்து, தள்ளுகிற கூரைக்கு எதிராக நின்றன. தெற்குப் பக்கம் முட்டுச்சுவர் இல்லை. அங்கே துறவிகள் குடியிருந்த மடத்தின் தாழ்வாரம் கோயிலை ஒட்டி ஓடியது. அதன் குறுக்குச் சுவர்களே அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டன.

மடத்தில் மிஞ்சியது அந்தத் தாழ்வாரம் ஒன்றுதான். கிணற்றைப் பார்த்த வரிசையான வளைவுகள், உள்ளே குளிர்ச்சி, ஜெபத்துக்குப் போக வர மூன்று வாசல்கள். வாசற்படிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன. துறவிகள் போனபின் பட்டாளத்துக்காரர்கள் அங்கே வெடிமருந்து வைத்தார்களாம். பிறகு பள்ளிக்கூடம் நடந்தது. நான் அளந்தபோது உடைந்த நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் குடிலின் மாடும் ஒட்டகமும் அங்கே அடைந்து கிடந்தன. களைப்பாக இருந்தால் அந்த வளைவு ஒன்றின் கீழ் உட்கார்ந்துகொள்வேன். சென்னையில் மின்விசிறி இல்லாமல் எனக்கு வியர்க்காத இடம் அது ஒன்றுதான்.

வடக்குப் பக்கம் அளந்த அன்று அவர் டேப்பின் நுனியை மூன்றாவது முட்டுச்சுவரின் அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பழைய மெழுகு உருகித் தரையில் படிந்திருந்தது. சுவரில் உப்புப் பூத்து, சிமெண்டுப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இப்படித்தான் ஆகும். அது தெரியாமல் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பக்தியோடு பூசிவிட்டிருந்தார்கள்.

"இங்கதானே குழி வெட்டுவாங்க?" என்று கேட்டார்.

"ஆமா. விடமாட்டேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எப்படித் தடுப்ப?"

"கூரையை வெச்சுத்தான்."

சொன்னபடி செய்தேன். பேரவைக் கூட்டத்துக்கு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துப்போனேன். ஒப்பந்தம் எடுக்க வந்திருந்த மேஸ்திரி முதலில் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அந்த மொட்டைச் சொவரு நாலும் இன்னாத்துக்கு சாமி? சும்மா எடத்த அடச்சிக்கினு கீது. ரெண்ட எடுத்துட்டாலே எரநூறு பேரு குந்தலாம்."

நான் எழுந்து வரைபடத்தை விரித்தேன். எதை எடுத்தால் எது சாயும் என்று காட்டினேன். முட்டுச்சுவரை எடுப்பது மட்டுமில்லை, அதன் அடியைத் தோண்டினாலே ஆபத்து என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் குரல் நடுங்கியது. கணக்குச் சொல்பவளுக்கு எதற்கு அத்தனை நடுக்கம் என்று சாமியார் யோசித்திருக்கலாம். என்னோடு வந்திருந்த எங்கள் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், நிதானமான மனிதர்.

"கர்டர் போட்டுத் தாங்கிடலாம், முடியாதுன்னு இல்லை. ஆனா இவ்வளவு வயசான கூரையைச் சீண்டிண்டு இருக்கணுமான்னு யோசிச்சுக்கோங்கோ. நாளைக்கு ஒரு விரிசல் வந்தா நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வருடக்கணக்காக ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்களே, அதற்கு என்ன வழி என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். அப்போதுதான் பின்வரிசையில் இருந்து என் கணவர் எழுந்தார். பொது இடத்தில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"வடக்குப் பக்கம் வேணாம் ஃபாதர்," என்றார். "அங்க கை வெக்கவே வேணாம். ஜனங்க அங்க மெழுகுதிரி ஏத்துறாங்க. அவங்களுக்கு அது ஒரு இது."

அதற்கு மேல் வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டார். மகளுக்காக இந்த மனிதர் எழுந்து நின்று பேசிவிட்டாரே என்று நினைத்தேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, கல்யாணமான புதிதில் செய்ததுபோல, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை வியர்த்திருந்தது.

வடக்கு வேண்டாம் என்றால் மிஞ்சுவது தெற்குதான். அங்கே சுவரை உடைக்கவே வேண்டியதில்லை, துறவிகள் வைத்த மூன்று வாசல்கள் ஏற்கெனவே இருந்தன. குறுக்குச் சுவர்களை மட்டும் விட்டுவிட்டு, தாழ்வாரத்தின் கூரையையும் வளைவுகளையும் எடுத்துவிட்டால் கிணறு வரைக்கும் கான்கிரீட் கூடம் போட்டுவிடலாம். பொறியாளருக்கு அது பிடித்துப்போயிற்று. சாமியாருக்கும் பிடித்தது. இடிக்க வேண்டியதை வரைபடத்தில் புள்ளிக்கோட்டால் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அந்த வளைவுகள் ஒவ்வொன்றையும் நான்தான் புள்ளிக்கோடாக மாற்றினேன். அவற்றின் கீழே உட்கார்ந்து இளைப்பாறியவளும் நான்தான். மனது கசந்தது. ஆனால் ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் பிள்ளை என்றால் எந்தத் தாய் யோசிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடிக்கத் தொடங்கியதும் தினமும் வேலையிலிருந்து திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்தச் சுண்ணாம்பு லேசில் விடவில்லை. கடப்பாரை பட்டால் செங்கல்தான் உடைந்தது, கலவை உடையவில்லை. "இன்னா கலவம்மா இது, நம்ப சிமிட்டியெல்லாம் இதுங்கிட்ட நிக்காது" என்று ஆட்கள் திட்டிக்கொண்டே இடித்தார்கள். ஆனாலும் நாள் ஆக ஆக வளைவுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி வளைவு விழுந்த சனிக்கிழமை சாயங்காலம், தேய்ந்த வாசற்படிகள் மூன்றும் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றன. கிணற்றடி முழுக்கச் செங்கல் பொடி. ஒட்டகத்தை யாரோ வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

அன்று அவரும் வந்திருந்தார். இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனோம். அங்கே எதுவும் மாறவில்லை. முட்டுச்சுவர்கள் நான்கும் அப்படியே நின்றன. மூன்றாவதன் அடியில் யாரோ ஏற்றிய திரி எரிந்துகொண்டிருந்தது. உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"போனாப் போகுது," என்றேன். "இவ இருக்கற இடம் தப்பிச்சுதே. அது போதும் எனக்கு."

அவர் மெதுவாகச் சுவரோரத்தில் உட்கார்ந்தார். அழுகிறார் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை, இருமுகிறார் என்று நினைத்தேன்.

"அங்க அவ இல்ல," என்றார்.

என்ன சொல்கிறார் என்று புரியாமல் அவரையே பார்த்தேன்.

"உபதேசியார் கேட்டைத் திறக்கவே இல்ல. கால்ல விழாத குறையாக் கேட்டேன். ஞானஸ்நானம் ஆகலன்னா ஆகலதான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. மழை வேற கொட்டுது. கையில அவ. எங்க போறதுன்னு தெரியல. கார்ப்பரேஷன் சுடுகாட்டுக்குத்தான் போனேன். அங்க இருந்த ஆள் ஒண்ணும் கேக்காம குழி வெட்டிக் குடுத்தான். பேர் என்னன்னு மட்டும் கேட்டான். நாமதான் இன்னும் வெக்கலையே."

"எந்த இடம்?"

முன்பு ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வி. கேட்டபின்தான் எனக்கே அது உறைத்தது.

"ஒரு மூலை. அடுத்த வருஷம் போய்ப் பாத்தேன். மேல மேல புதைச்சு எதுவும் தெரியல. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ படுத்துக்கிட்டு கேட்டப்போ இந்தச் சுவர்தான் வாயில வந்துச்சு. அன்னைக்கு கேட்டுக்கு வெளிய நின்னப்போ எதிர்ல தெரிஞ்சது இதுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், ஆனால் அதற்குக்கூடத் தெம்பு இல்லை. திரியின் மெழுகு ஒழுகித் தரையில் பரவிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடம் இந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு அவளோடு பேசியிருக்கிறேன். அவளுக்குப் பல் முளைத்திருக்கும், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பாள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஓர் அடி தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு இவரும் நின்றிருக்கிறார், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், கண்ணை மூடி, உதடு அசைய. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சுட்டது.

"நீங்களும் வேண்டிக்கிட்டுத்தானே நின்னீங்க," என்றேன். "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க யாரும் தோண்டிடக் கூடாதுன்னு."

அந்த வருடம் முழுக்க நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.